உஷார்! கை கால் அடங்கினாலும் மூளைக்குள் வலிப்பு ஓடும்

வலிப்பு வந்தவரை ஐசியூவில் சேர்த்தாயிற்று. ஊசி போட்டார்கள், கை கால் வெட்டுவது நின்றுவிட்டது. ஆனால் ஆள் கண் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் போகிறது, இரண்டு மணி நேரம் போகிறது. கேட்டால், "மருந்து மயக்கம், தூங்கட்டும்" என்கிறார்கள். உஷாராக வேண்டியது இந்த இடத்தில்தான். உடம்பில் ஓர் அசைவும் இல்லாமல் மூளைக்குள் வலிப்பு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கலாம். எத்தனை கைதேர்ந்த டாக்டராக இருந்தாலும், கட்டிலருகே நின்று கண்ணால் பார்த்து மட்டும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி போட்டால்தான் தெரியும்.

தில்லி மயூர் விஹார்க்காரர்களுக்கு இதை அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. ஃபேஸ் ஒன்றிலும் எக்ஸ்டென்ஷனிலும் உள்ள சொசைட்டி ஃப்ளாட்டுகளில், மத்திய சர்க்கார் வேலையிலிருந்து ரிட்டயரான நம்மவர்கள் எத்தனையோ பேர் தனியாகவோ தம்பதியாகவோ இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. நெஞ்சு வலித்தால் என்ன செய்வது, வாய் கோணினால் எத்தனை மணி நேரத்துக்குள் ஓட வேண்டும் என்பதெல்லாம் இப்போது உத்தர குருவாயூரப்பன் கோயில் வாசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வலிப்பு என்று வந்தால் மட்டும், "அதான் நின்னுடுத்தே, இனிமே கவலை இல்லை" என்று எல்லோரும் பெருமூச்சு விட்டுவிடுகிறோம்.

எங்கள் பிளாக்கில் ஒரு மாமி. பிரஷருக்கு அவர் சாப்பிட்டுவந்த மாத்திரை, உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும் வகை. தில்லியின் ஜூன் வெயில், கூடவே இரண்டு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். ரத்தத்தில் சோடியம் விழுந்து ராத்திரியில் வலிப்பு வந்துவிட்டது. கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பெயர் வேண்டாம். வெட்டல் நின்றது. சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவோ கட்டியோ இல்லை. சோடியத்தை ஏற்ற டிரிப் போட்டார்கள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது, மாமி கண் திறக்காததைத் தவிர.

பார்வையாளர் நேரத்தில் உள்ளே போன மருமகள்தான் அதைக் கவனித்தாள். மூடியிருந்த இடது கண்ணிமை விடாமல், ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தது. இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தால் கருவிழி ஒரு பக்கமாகச் சொடுக்கிச் சொடுக்கித் திரும்புகிறது. உதட்டோரத்திலும் சின்னதாக ஒரு சுண்டல். டியூட்டியில் இருந்தவரிடம் சொன்னதற்கு, "கம்ஸோரி ஹை, ஆராம் கர்னே தீஜியே" என்று பதில். பலவீனமாம், ஓய்வெடுக்க விட வேண்டுமாம். அந்த ஆஸ்பத்திரியில் ஈஈஜி மெஷின் இல்லாமல் இல்லை. அதை இயக்கும் டெக்னீஷியன் பகலில் மட்டும் வருவார், மறுநாளோ ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை ஒயர்களை ஒட்டியதும் திரையில் வலிப்பு அலைகள் நிற்காமல் ஓடின. மருந்தை மாற்றி ஏற்றிய பிறகுதான் மாமி விழித்தார். இன்று வீட்டில் நடமாடுகிறார். ஆனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். நவராத்திரிக்கு எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவருக்கு, பரணில் எந்தப் பெட்டியில் பொம்மை இருக்கிறது என்பதே நினைவில்லை. சோடியம் விழுந்ததால் வந்த பாதிப்பு எவ்வளவு, வலிப்பு நீடித்ததால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. வலிப்பைப் பார்க்காமல் விட்ட நேரத்தை மட்டும் தவிர்த்திருக்க முடியும்.

வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே சமயத்தில் மின்துடிப்பு வெளியிடுவது. கை கால் வெட்டுவது அதன் வெளி விளைவு மட்டுமே. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அடங்காமல் போனால் எப்போது அபாயம் என்பதற்கு உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2015-ல் கணக்கு வகுத்தது. உடம்பு முழுவதும் வெட்டும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. 30 நிமிடத்தைத் தாண்டினால் மூளையில் நிரந்தரச் சேதம் உண்டாகலாம். வெட்டல் நீள நீள அசைவு மட்டும் குறைந்துகொண்டே வரும். கை கால் துடிப்பு விரல் நடுக்கமாகும், விரல் நடுக்கம் இமைத் துடிப்பாகும், கடைசியில் அதுவும் இராது. மின்புயல் அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். வலிப்பை நிறுத்த முதலில் போடுகிற லோரசெபாம், மிடசோலாம் ஊசிகள் நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள சில ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு வேலை செய்பவை. வலிப்பு நீடித்தால் அந்த ஏற்பிகள் அணுவுக்குள் போய்விடுகின்றன, மருந்துக்குப் பிடிமானம் குறைகிறது. முதல் பத்து நிமிடத்தில் கேட்கும் மருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்காமல் போக இது ஒரு முக்கியக் காரணம். "நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்" என்ற பேச்சு எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

இதெல்லாம் அபூர்வமாக யாருக்கோ வருவது என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 164 நோயாளிகளைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நீடித்த வலிப்பு வந்து, மருந்தில் வெட்டல் நின்றிருந்தது. அவர்களில் 48 சதவீதம் பேருக்கு அதன் பிறகும் ஈஈஜியில் வலிப்பு இருந்தது; 14 சதவீதம் பேருக்கு அசைவே இல்லாத வலிப்பு இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. 1998-ல் வெளியான ஆய்வு அது. வலிப்புக்கான எந்த அறிகுறியும் இல்லாமல் கோமாவில் கிடந்த 236 பேரை அதே குழுவினர் பார்த்து 2000-ல் எழுதினார்கள். அவர்களிலும் 8 சதவீதம் பேருக்கு உள்ளே வலிப்பு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2004-ல் 570 நோயாளிகளின் தொடர் ஈஈஜிப் பதிவுகளை அலசியபோது 19 சதவீதம் பேரிடம் வலிப்பு அகப்பட்டது. அப்படி அகப்பட்டவர்களில் 92 சதவீதம் பேருக்கு வெளியே துளி வெட்டலும் தெரியவில்லை.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2007-ல் ஹைதராபாத் நரம்பியல் டாக்டர்கள் தங்கள் நியூரோ ஐசியூ நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நினைவு தடுமாறிக் கிடந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த ஓசையில்லாத வலிப்பு இருந்தது. மூளைக் காய்ச்சல், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவது போன்ற நம் ஊர் நோய்கள்தான் அவர்களில் பலருக்கும் காரணம்.

வென்டிலேட்டர் போட்டிருந்தால் இரட்டிப்பு உஷார். மூச்சுக்குழாய் இறக்கும்போது தசைகளைத் தளர்த்த வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்ற மருந்துகள் கொடுப்பார்கள். அவை தசையைக் கட்டிப்போடும், மூளையை அல்ல. மருந்து வேலை செய்யும் நேரம் முழுக்க உள்ளே எவ்வளவு பெரிய வலிப்பு ஓடினாலும் ஒரு விரல்கூட அசையாது. "டியூப் போட்டாச்சு, இப்ப அமைதியா இருக்கார்" என்று வெளியே வந்து சொன்னால், அந்த அமைதி வலிப்பு நின்றதால் வந்ததா, தசைத் தளர்த்தியால் வந்ததா என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள். கேள்வி நியாயமானது, நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, ஈஈஜி எடுத்துவிட்டார்கள், "நார்மல், வலிப்பு இல்லை" என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. அதற்காக விட்டுவிடலாமா? எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று பாருங்கள். வழக்கமான ஈஈஜி 20, 30 நிமிடம்தான். உள்வலிப்போ வந்து வந்து போகும். அரை மணி நேரம் மட்டும் பார்த்து முடிவு கட்டுவது, மயூர் விஹார்-1 பிளாட்பாரத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, இந்த லைனில் ரயிலே ஓடுவதில்லை என்று சொல்வது மாதிரி. கொலம்பியா ஆய்வில் வலிப்பு அகப்பட்டவர்களில் 88 சதவீதம் பேருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. கோமாவில் இருந்தவர்களில் மட்டும் 20 சதவீதம் பேருக்கு முதல் வலிப்பு பதிவாக 24 மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அமெரிக்க நரம்பு மின்னியல் சங்கம் 2015-ல் வெளியிட்ட கருத்தொருமிப்பில், சந்தேகம் உள்ள ஐசியூ நோயாளிக்குக் குறைந்தது 24 மணி நேரத் தொடர் ஈஈஜி என்று எழுதிவைத்ததற்கு இப்படிப்பட்ட கணக்குகளே அடிப்படை.

ஈஈஜி புதிதாக வந்த மாயமந்திரம் அல்ல. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலையை முதலில் பதிவுசெய்தது 1924-ல், வெளியிட்டது 1929-ல். நூறு வயதான தொழில்நுட்பம். டெக்னீஷியன் டேப் வைத்துத் தலையை அளந்து, புள்ளி குறித்து, அந்த இடங்களில் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கெட்டியான பேஸ்ட் வைத்துச் சின்னச் சின்ன உலோகக் கிண்ணங்களை ஒட்டுவார். முழு அமைப்பில் 21 இடங்கள். மேலே காஸ் துணியைச் சுற்றிக் கட்டுவார். ஷாக் கொடுப்பதில்லை, ஊசி குத்துவதில்லை, கதிர்வீச்சும் கிடையாது. மூளையிலிருந்து வருவதை வாங்கிப் பதிவுசெய்வதோடு சரி. வருவதும் மைக்ரோவோல்ட் அளவில்தான், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில். நோயாளி தாங்குவாரா என்று பயந்து மறுக்க வேண்டிய சோதனையே அல்ல. நாள்கணக்கில் ஒட்டியிருந்தால் தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இத்தனை எளிய சோதனை ஏன் கிடைப்பதில்லை? ஆளில்லாததே காரணம். ஒரு மெஷினை ஓபிடிக்கும் ஐசியூவுக்கும் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஒயர் ஒட்டத் தெரிந்தவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். ஓடும் கோடுகளைப் படிக்கத் தெரிந்த நியூரோ டாக்டர் மறுநாள் ரவுண்டுக்குத்தான் வருவார். பதிவை இன்டர்நெட் வழியாக அனுப்பி, வேறிடத்தில் இருக்கும் நிபுணரைப் படிக்கச் சொல்ல இன்று வழி இருக்கிறது. அதைச் செய்கிறார்களா என்று கேட்க வேண்டியது நாம். ஒரு ஏமாற்றம் நேராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஐசியூக்களில் நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டி, திரையில் ஓர் எண்ணைக் காட்டுவார்கள். மயக்க மருந்தின் ஆழத்தைப் பார்க்க வைத்த கருவி அது. வலிப்பைக் கண்டுபிடிக்க அதை நம்பக் கூடாது. "மூளை மானிட்டர் போட்டிருக்கோம்" என்றால் அது நெற்றிப்பட்டையா, முழு ஈஈஜியா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

யாருக்கெல்லாம் சந்தேகப்பட வேண்டும்? வலிப்பு நின்று அரை மணி, ஒரு மணி நேரத்தில் கொஞ்சங்கொஞ்சமாகவாவது தெளிவு வராதவர்கள் முதலில். மூளையில் ரத்தக்கசிவு, தலைக்காயம், மூளைக் காய்ச்சல், டிபி மூளையுறை அழற்சி வந்தவர்கள், மாரடைப்பில் இதயம் நின்று மறுபடி துடிக்கவைக்கப்பட்டவர்கள், வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டவர்கள். சிறுநீரகம் பழுதானவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். செஃபிபைம் என்று ஓர் ஆன்டிபயாட்டிக், நம் ஐசியூக்களில் சகஜமாகப் புழங்குவது. சிறுநீரகம் சரியில்லாதவருக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் உடம்பில் தேங்கி, அசைவில்லாத வலிப்பை அதுவே உண்டாக்கிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-லேயே எச்சரித்துவிட்டது. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியிருக்கும் அப்பா, நிமோனியா குறைந்துவரும் நேரத்தில் திடீரென்று பேச்சு குழறி, கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்க்கிறாரா? "வயசாச்சு, ஐசியூ குழப்பம்" என்று முடிவு கட்டுவதற்கு முன் மருந்துப் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கோமாவில்தான் கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. உட்கார்ந்தபடி சம்பந்தமில்லாமல் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு, உடை நுனியைக் கசக்கிக்கொண்டு, வாயை மென்றுகொண்டு இருப்பவருக்கும் உள்ளே வலிப்பு ஓடலாம். மனநோய் என்றும், மறதி நோய் முற்றிவிட்டது என்றும், இன்னும் சில வீடுகளில் காற்று கருப்பு என்றும் நாள் கடத்திவிடுகிறார்கள்.

குழந்தைகளும் தப்பவில்லை. கனடாவின் டொராண்டோ குழந்தைகள் ஆஸ்பத்திரி ஐசியூவில் 259 பிள்ளைகளைத் தொடர் ஈஈஜியில் வைத்துப் பார்த்து 2014-ல் எழுதினார்கள். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் வலிப்பு ஓடிய பிள்ளைகளுக்கு நரம்பியல் நிலை மோசமாகும் வாய்ப்பு வெகுவாகக் கூடியிருந்தது. அரை நாள் அல்ல, பன்னிரண்டு நிமிடம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பீதி கிளப்பியவனாவேன். ஈஈஜியில் ஆடுகிற கோடெல்லாம் வலிப்பு அல்ல. வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய நீர் அசைந்தாலும், பிசியோதெரபிஸ்ட் முதுகைத் தட்டினாலும் வலிப்பு மாதிரியே கோடுகள் விழும். படிக்கத் தெரிந்தவர் படிக்க வேண்டும். வலிப்பை அடக்க மிடசோலாம், புரோபோஃபால், தயோபென்டோன் என்று ஆழ்மயக்கத்தில் வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கும், நோய்த்தொற்று வரும். அதுவும் விளையாட்டில்லை. இதயம் நின்று மீண்டவர்களின் ஈஈஜியில் தெரியும் தாள அலைகளை விரட்டி விரட்டி அடக்கினால் பலன் உண்டா என்று நெதர்லாந்துக்காரர்கள் முன்னின்று சோதித்தார்கள். 2022-ல் வந்த முடிவு, பலனில்லை என்பது. சுவிட்சர்லாந்தில் தொடர் ஈஈஜியையும் சாதாரண ஈஈஜியையும் ஒப்பிட்டு 2020-ல் எழுதினார்கள். தொடர் பதிவில் வலிப்பு கூடுதலாக அகப்பட்டது, சிகிச்சையும் அதற்கேற்ப மாறியது, ஆனால் உயிரிழப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

இதைக் காட்டி, "அப்ப ஈஈஜி எதுக்கு?" என்று யாராவது கேட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த சுவிஸ் சோதனையில் இன்னொரு பக்கத்தில் இருந்தவர்களுக்கும் 20 நிமிட ஈஈஜி இரண்டு முறை எடுத்தார்கள். கிழக்கு தில்லியின் சின்ன ஐசியூவில் சனிக்கிழமை ராத்திரி நடப்பது தொடர் ஈஈஜியா, சாதாரண ஈஈஜியா என்ற போட்டி அல்லவே. சாதாரணமானதே திங்கட்கிழமைதான் என்கிறார்கள். 24 மணி நேரப் பதிவு கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரமாவது எடுங்கள், மறுநாள் மறுபடி எடுங்கள் என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், நோயாளியை நகர்த்துவது பத்திரமா, எங்கே கொண்டுபோகலாம் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். கோபத்தில், டாக்டர் சொல்லை மீறி அழைத்துப்போவதாக எழுதிக்கொடுக்கும் லாமா பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்களாகக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் கட்டில் உறுதியான பிறகு, அந்த டாக்டரும் இந்த டாக்டரும் போனில் பேசிக்கொண்ட பிறகு, ஆக்ஸிஜன் உள்ள ஆம்புலன்ஸில் போக வேண்டும். வழியில் மறுபடி வெட்டல் வந்தால் ஊசி போடத் தெரிந்த ஆள் கூடவே வர வேண்டும்.

வீட்டில் வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிப்பது நம் பழக்கம், மூக்கில் செருப்பை வைப்பது இங்குள்ளவர்கள் பழக்கம். இரண்டும் வேண்டாம். பல்லுக்கிடையில் ஸ்பூன், வாயில் தண்ணீர் எதுவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஆரம்பித்த நேரத்தை நினைவில் வையுங்கள், ஐசியூவில் கேட்கப்போகும் முதல் கேள்வி அது. 5 நிமிடம் தாண்டினாலோ, ஒன்று நின்று தெளிவு வருமுன் அடுத்தது வந்தாலோ உடனே 112 அல்லது 102. ஏற்கெனவே வலிப்பு உள்ளவர் என்றால், மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்ப்ரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அவருடைய டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

கிளம்பும்போது மாத்திரைப் பட்டைகளை எல்லாம் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த சோடியம், கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் சேர்த்து. உள்ளே போய்ப் பார்க்க விட்டால் கண்ணையும் உதட்டையும் விரல் நுனியையும் நிதானமாகப் பாருங்கள். ஒரே தாளத்தில் ஏதாவது துடித்தால், சிஸ்டரின் அனுமதியோடு போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பத்து வார்த்தையில் விவரிப்பதைவிட பத்து விநாடி வீடியோ டாக்டரைச் சீக்கிரம் அசைக்கும்.

இந்தி தடுமாறுகிறவர்களுக்காக, கேட்க வேண்டியதை அப்படியே தருகிறேன். "டாக்டர் சாப், ஹோஷ் க்யோன் நஹீ ஆ ரஹா? அந்தர் தௌரா சல் தோ நஹீ ரஹா? ஈஈஜி கப் ஹோகா?" நினைவு ஏன் வரவில்லை, உள்ளே வலிப்பு ஓடுகிறதா, ஈஈஜி எப்போது? பணிவாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள். பதிலை, சொன்ன நேரத்தோடு, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் டில்ஷாத் கார்டனில் இஹ்பாஸும் ஜிடிபி ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. யமுனையைத் தாண்டினால் தில்லி கேட் அருகே ஜி.பி. பந்த், தெற்கே எய்ம்ஸ் நரம்பியல் மையம். தனியார் ஆஸ்பத்திரிகளும் சுற்றிலும் உண்டு. ராத்திரியில் யாரிடம் என்ன கிடைக்கும் என்பதை வலிப்பு வந்த பிறகு தேடாமல் இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள்: ஈஈஜி ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எடுப்பீர்களா, ஐசியூ கட்டிலுக்கே மெஷின் வருமா, எத்தனை மணி நேரம் பதிவுசெய்ய முடியும், படித்துச் சொல்ல நியூரோ டாக்டர் எத்தனை மணிக்குள் கிடைப்பார், இன்ஷூரன்ஸோ சிஜிஹெச்எஸ்ஸோ செல்லுமா. பதில்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு நகலை எதிர் ஃப்ளாட்டிலும் கொடுத்து வையுங்கள். உங்களுக்கே வலிப்பு வந்தால் 112-ஐ அழைக்கப்போவது அவர்கள்தான்.